விழா முடிந்தது, நன்றி யாருக்கு?

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் தை பிறக்கும் நாட்கள் மழைக்கும் அறுவடைக்கும் இடைப்பட்ட நாட்கள். மாரி முற்றாக ஓய்ந்திராது. வட்டைகளில் கதிர் முற்றிக்கொண்டிருக்கும். விடியப்புறத்தில் வாவிக்காற்று உடம்பைக் குத்தும். வேறு நாட்டார் குளிர்கால விழா என்று எதைக் கொண்டாடுகிறார்களோ, அதற்கு ஈடாக எமக்குள்ளது தைப்பொங்கலே. இம்முறை அதனை வீட்டு முற்றங்களோடு நிறுத்தாமல், வாவியோரப் பூங்காவில் ஊரவரும் இடம்பெயர்ந்து வந்து குடியிருப்போரும் ஒன்றாகச் சேர்ந்து பொங்கினோம்.

பொங்கலுக்கு முதல்நாள் இரவு நல்ல மழை. பூங்காவின் பள்ளமான பகுதியில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. இரவு பத்து மணிக்குத் தம்பிமார் மண்வெட்டிகளோடு இறங்கி வாவிப் பக்கமாக வாய்க்கால் வெட்டினார்கள். ஒருவர் தமது உழவு இயந்திரத்தில் மூன்று தடவை மணல் ஏற்றி வந்து கொட்டினார். டீசல் காசு தருகிறோம் என்றபோது கையை அசைத்துவிட்டுப் போய்விட்டார். அதிகாலை மூன்று மணிக்கே இடம்பெயர்ந்தோர் குடியிருப்பிலிருந்து பெண்கள் வந்து அடுப்பு மூட்டினார்கள். விறகு நனைந்திருந்தது. பொச்சுமட்டையைக் கொளுத்தி ஊதி ஊதியே கண் சிவந்து போனார்கள். பயறு வறுத்ததும், தேங்காய் துருவியதும், கிடாரத்தில் அகப்பை போட்டுக் கிளறியதும் அவர்களே. பொடியன்கள் சைக்கிள்களுக்குக் காவல் நின்றார்கள். மறுநாள் சூரியன் எழுமுன் சாப்பிட்ட வாழையிலைகளெல்லாம் மாடுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. சொப்பிங் பேக் ஒன்றுகூட வாவியில் மிதக்கவில்லை.

இனி, எமது தவறைச் சொல்ல வேண்டும்.

நன்றியுரையை எழுதியவர்கள் நாமே. பணம் தந்தவர்கள், ஒலிபெருக்கி தந்தவர், கதிரை தந்தவர்கள், வருகை தந்த அதிகாரிகள் என்று ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தோம். கடைசி வரியில், 'மற்றும் உதவிய அனைவருக்கும்' என்று முடித்தோம். அந்த 'அனைவரும்' அவ்வேளையில் மேடைக்குப் பின்னால் கிடாரங்களுக்கு மணல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். நாம் சொன்ன நன்றி அவர்கள் காதில் விழவேயில்லை. பரிசளிப்பும் முடிந்து, கூட்டம் கலைந்து, விளக்கை அணைக்கும்போதுதான் எமக்கு இது உறைத்தது.

இது சிறு விடயமாகச் சிலருக்குத் தோன்றலாம். உங்களுக்கு அப்படித் தோன்றாது. 1990இலும், 2006 இறுதியிலும் 2007 தொடக்கத்திலும் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் வயலையும் மாட்டையும் விட்டு வெளியேறியவர்கள், அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நிவாரண வரிசையில் நின்ற நாட்களை மறந்திருக்க மாட்டார்கள். தம் வயலில் விளைந்த நெல்லை இல்லையென்று வந்தவருக்கு அள்ளிக் கொடுத்த கைகள் அன்று வாங்குவதற்கு மட்டுமே நீட்டப்பட்டன. வரிசையில் நிற்பவரிடம் யாரும் நன்றி சொல்வதில்லை. அவரே எல்லோருக்கும் நன்றி சொல்லவேண்டியவராகிறார். ஆண்டுக்கணக்கில் அப்படி நின்ற குடும்பத்துப் பெண்ணொருத்தி ஊருக்கே பொங்கிப் போட்டபின்னரும் அவள் பெயரைச் சொல்லாமல் விட்டால், அவளை மீண்டும் அதே வரிசையில் நிறுத்துகிறோம்.

2011 ஜனவரியிலும் இதைக் கண்டோம். பொங்கலுக்குச் சில நாட்கள் முன்னதாகப் பெருவெள்ளம் வந்தது. கிழக்கிலும் அயல் மாகாணங்களிலும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். பெரும்போக வேளாண்மை அறுவடைக்கு முன்பே நீரில் அழுகியது. பாடசாலைகளிலும் கோயில்களிலும் தங்கியிருந்தவர்களுக்குச் சோறு சமைத்தவர்களில் பலர், தாமே வீட்டில் தண்ணீர் ஏறி வந்தவர்கள். அவ்வாண்டில் பொங்கற்பானைக்குப் பதிலாக அந்தச் சோற்றுக் கிடாரமே அடுப்பில் இருந்தது.

எமது முன்னோர் உழைப்பாளிக்கு 'நன்றி' என்று வாயால் சொன்னது குறைவு. வட்டாவில் வெற்றிலையும் பாக்கும் வைத்து முன்னே நீட்டினார்கள். கோயிற் சடங்கு முடிந்தால் காளாஞ்சி கொடுத்தார்கள். களவெட்டியில் சூடடித்தபின், நெல் வீடு போகுமுன் உரியவர்களுக்கு அளந்தார்கள். இதிலும் குறை இருந்தது. கோயில் மரியாதை குடி வரிசையைப் பார்த்தே கொடுக்கப்பட்டது; யார் எவ்வளவு வேலை செய்தார் என்று அது பார்க்கவில்லை. மேளமடித்தவரும் துணி வெளுத்தவரும் கடைசியிலேயே நின்றார்கள். ஆகவே பழைய வழக்கத்தை அப்படியே தூக்கிவரச் சொல்லவில்லை. வெற்றிலையை வைத்துக்கொள்வோம், வரிசையை விட்டுவிடுவோம்.

சிரமதானம் என்ற சொல்லை இன்று எல்லோரும் சொல்கிறோம். 1958இல் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியராயிருந்த ஏ. ரி. ஆரியரத்ன தம் மாணவர்களைக் கனத்தொலுவ என்ற ஊருக்கு அழைத்துச் சென்றபோது அந்த இயக்கம் தொடங்கியது. சாதியால் ஒதுக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த ஊர் அது. சர்வோதய முகாம்களில் வேலைக்கிடையே எல்லோரும் வட்டமாக அமர்ந்து பேசும் 'குடும்பக் கூட்டம்' ஒன்று உண்டு. அண்ணன், அக்கா, அம்மா என்று உறவுமுறை சொல்லியே அழைத்துக்கொள்வார்கள். மேடையும் மாலையும் அங்கு இல்லை. ஐக்கிய நாடுகள் சபை 1985இல் டிசம்பர் 5ஆம் திகதியைத் தொண்டர் தினமாக அறிவித்தது. நல்லதுதான். ஆனால் டிசம்பரில் தரும் சான்றிதழ், தை மாதத்தில் கிடாரம் கழுவியவருக்கு எந்த வேலைக்காகத் தரப்பட்டது என்று விளங்காது.

ஜப்பானில் சப்போரோ நகரத்துப் பூங்காவில் 1950இல் பாடசாலை மாணவர்கள் ஆறு பனிச்சிலைகள் செய்து வைத்தார்கள். அதுவே பிற்பாடு இலட்சக்கணக்கானோர் பார்க்க வரும் பனிவிழாவாக வளர்ந்தது. எங்கள் பூங்காவிலும் வாய்க்கால் வெட்டியவர்கள் பாடசாலைப் பிள்ளைகளே.

மறுநாள் பின்னேரம் நாங்கள் நால்வர் வட்டாவும் வெற்றிலையும், மிஞ்சிய சர்க்கரையும் பயறும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனோம். உழவு இயந்திரக்காரரின் வீட்டிலிருந்து தொடங்கினோம். பெயர்களை ஒரு கொப்பியில் எழுதினோம்: வாய்க்கால் வெட்டியவர் யார், அடுப்படியில் நின்றவர் யார், இரவு காவல் யார் என்று. விழாக் கணக்கையும் வாசித்துக் காட்டினோம். எத்தனை ரூபா வந்தது, எதற்குப் போனது, மிச்சம் எவ்வளவு என்று. இதைக் கேட்டுத்தான் பலருக்கு முகம் மலர்ந்தது. வேலை செய்தவருக்குக் கணக்கைச் சொல்வதும் ஒரு மரியாதை என்று அப்போதுதான் தெரிந்துகொண்டோம். அடுத்த முறை இந்தக் கொப்பியை விழாவுக்கு முதல்நாளே திறப்பதென்றும், கிடாரத்தை ஊறப்போட்டுவிட்டு எல்லோரையும் முன்னுக்கு அழைத்து, பரிசளிப்புக்கு முன்பே பெயர்களை வாசிப்பதென்றும் தீர்மானித்திருக்கிறோம். தூரத்திலிருந்து வருவோரின் பஸ் காசையும் செலவுக் கணக்கில் சேர்ப்போம். இலவச உழைப்பு என்பதற்காக அவர் கைக்காசும் போகவேண்டியதில்லை.

அடுப்படியை முன்னின்று நடத்திய பெரியம்மாவின் குடிசைக்கு இருட்டுப்படும் நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். நன்றியுரையில் பெயர் சொல்லாமல் விட்டது எங்கள் பிழை என்றோம். "நமக்கு என்னத்துக்கு மனே நன்றி? நாம என்ன வெளியாக்களா?" என்று சிரித்தார். ஆனால் வெற்றிலையை இரு கைகளாலும் வாங்கி, மடியில் முடிந்துகொண்டார். பிறகு எங்களை இருக்கச் சொல்லிவிட்டு ஆரம்பித்தார்: அடுத்த பொங்கலுக்கு அடுப்பைப் பள்ளத்தில் போடக்கூடாது, கிழக்குப் பக்கத்து மேட்டில் போடவேண்டும், விறகை மார்கழி பிறக்கும்போதே வெட்டிப் பாடசாலைத் தாழ்வாரத்தில் அடுக்கிவிட வேண்டும், இரண்டு கிடாரம் போதாது, மூன்று வேண்டும். மூன்றாவது கிடாரத்தை யாரிடம் இரவல் வாங்கலாம் என்பதையும் அவரே சொன்னார். அதையும் கொப்பியில் எழுதிக்கொண்டோம்.