வெந்நீர்க் குழாயின் பிணியும் பரிகாரமும்

வெயிலைத் தணிக்கப் பந்தலும் விசிறியும் போதுமென்று வளர்ந்தவர்கள் நாம். அலுவலின் பொருட்டோ வாணிகத்தின் பொருட்டோ சிம்லா, ஸ்ரீநகர், லே முதலிய குளிர்நகரங்களில் குடியேறிய தமிழர்களுள் சிலருக்கு, வெந்நீர்க் குழாய்களால் சூடேறும் வீடு வாய்க்கிறது. அது செவ்வனே இயங்கும்வரை நாம் அதைப் பற்றி நினைப்பதில்லை. பனிக்கால இரவொன்றில் நின்றுவிடுமாயின், பழுது எங்கேயென்று அறியாமல் திகைக்கிறோம். பெரும்பாலான பழுதுகளைக் கையால் தொட்டே அறியலாம். ஒரு பழுதில் மட்டும் நமது அவசரம் உயிருக்கே ஆபத்தாய் முடியும். இவ்விரண்டையும் இங்கே விளக்க விரும்புகிறோம்.

அமைப்பு எளியது. கொதிகலனில் காய்ந்த நீரை ஒரு பம்பு உந்துகிறது. அந்நீர் ஒரு குழாய் வழியே அறைதோறும் உள்ள ரேடியேட்டர்களுக்குச் சென்று, வெப்பத்தை அங்கே விட்டுவிட்டு, வேறொரு குழாய் வழியே திரும்புகிறது. அதே நீர்தான் மீண்டும் மீண்டும் சுற்றுகிறது. ஆதலால் எவ்விடத்தில் சூடு நின்றதோ, அவ்விடத்தில் ஓட்டம் தடைப்பட்டது என்று கொள்ளலாம்.

ரேடியேட்டரின் கீழ்ப்பகுதி சூடாகவும் மேற்பகுதி குளிர்ந்தும் இருந்தால், உள்ளே காற்று தங்கியிருக்கிறது. பம்பை நிறுத்தி, நீரை ஆறவிட்டு, மேல்மூலையிலுள்ள சிறு திருகை அதற்குரிய சாவியால் சற்றே தளர்த்த வேண்டும். காற்று சீறி வெளியேறும். நீர் துளிர்த்ததும் மூடிவிடலாம். வெளிவருவதில் எரியக்கூடிய வாயுவும் கலந்திருக்கலாமாதலின், அருகே விளக்கோ தீக்குச்சியோ கூடாது.

மாறாக, மேலே சூடும் கீழே குளிரும் இருப்பின், கரிய இரும்புத்துரு சேறாய்ப் படிந்திருக்கிறது எனலாம். அதைக் கழுவி நீக்குவது பிளம்பரின் வேலை. கொதிகலனுக்கு அண்மையிலுள்ள அறைகள் மட்டும் சூடேறித் தொலைவிலுள்ளவை குளிர்ந்திருந்தால், நீர் எளிய வழியையே நாடுகிறது என்பது பொருள். அருகிலுள்ள ரேடியேட்டர்களின் திரும்புவழி வால்வுகளைச் சிறிது மூடினால் தொலைவிலுள்ளவற்றுக்கும் பங்கு கிடைக்கும்.

மூடிய அமைப்பில், நீர் ஆறியிருக்கும்போது அழுத்தமானி ஏறக்குறைய 1 முதல் 1.5 பார் வரை காட்டுவது வழக்கம். அது நாள்தோறும் இறங்கினால் எங்கேயோ கசிவு உண்டு. கசிவை அடைக்காமல் புதுநீர் ஊற்றிக்கொண்டே இருந்தால், அந்நீரிலுள்ள பிராணவாயு குழாயைத் துருப்பிடிக்கச் செய்யும். சூடேறும்போது குழாய்களில் எழும் ‘டக் டக்’ ஓசைக்குப் பெரும்பாலும் அஞ்ச வேண்டியதில்லை. 10 மீட்டர் செப்புக்குழாய் 60 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் நீளும். சுவர்த்துளையில் இடமில்லாமல் உராய்வதே அவ்வோசை.

லே நகரத்தார் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்திலுள்ள அவ்வூரில் நீர் சுமார் 88 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். மேல்தொட்டி திறந்திருக்கும் அமைப்பில், சமவெளிக்குரிய அளவில் வெப்பத்தை வைத்தால் கொதிகலன் குமுறும்.

இனி, அபாயமான பழுதுக்கு வருவோம். நீர் உறைந்து பனிக்கட்டியாகும்போது சுமார் 9 விழுக்காடு பருக்கிறது, குழாயும் வெடிக்கிறது. கட்டி உருகும்வரை அவ்வெடிப்பு கண்ணுக்குப் புலப்படாமலும் இருக்கலாம். வீடு உறைநிலைக்குக் கீழ்ப்பட்ட குளிரில் கிடந்து, ரேடியேட்டர்கள் யாவும் சில்லென்றிருந்தால், கொதிகலனை மூட்டவே கூடாது. போகுவழியும் திரும்புவழியும் பனிக்கட்டியால் அடைபட்டிருக்க, உள்ளே நீர் கொதித்தால் நீராவிக்குப் போக்கிடமில்லை. காப்பு வால்வும் உறைந்திருந்தால் கொதிகலனே வெடித்துச் சிதறக்கூடும். முதலில் நீர் வரும் வால்வை மூடுக. பிறகு வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி, திறந்த முனையிலிருந்து மெல்ல உருக்குக. தீப்பந்தமோ அடுப்போ காட்டலாகாது.

பொங்கலுக்கு ஊர் செல்லும் காலமே மலைநாட்டில் கடுங்குளிர்க் காலம். புறப்படும்போது எல்லாவற்றையும் அணைத்துவிடுவது நம் வழக்கம். குளிர்நாட்டிலோ அதுவே குழாய்க்குக் கேடு. அமைப்பிலுள்ள நீர் முழுவதையும் வடித்துவிட வேண்டும்; அன்றேல் அதற்கென உள்ள உறைதடுப்பு மருந்தைப் பிளம்பரைக் கொண்டு கலந்து வைக்க வேண்டும். குழாய்களைத் துணியாலோ நுரைப்பொருளாலோ பொதிவது உறைதலைத் தாமதப்படுத்துமேயன்றி, முற்றிலும் தடுக்காது.

குழாயைத் தொட்டறிவது நம்மால் ஆகும். கொதிகலனின் தீயறையைத் திறப்பது பயிற்சி பெற்றவருக்கே உரியது. புகைபோக்கி அடைபட்டால் மணமற்ற கரிநச்சு வாயு அறையில் நிறையும். கொதிகலன் எரியும் வீட்டில் பலருக்கு ஒருங்கே தலைவலியும் குமட்டலும் கண்டால், குளிருக்கு அஞ்சாமல் உடனே வெளியேறுக. மருத்துவ உதவியும் நாடுக.