ஓடைக்கு மருத்துவம் கூரையில் தொடங்குகிறது

மழை ஓய்ந்ததும் நகரத் தெருக்களில் ஓடும் நீர் எங்கே போகிறது? ‘வடிகாலில் போய்விடுகிறது’ என்று சொல்லி நாம் அதை மறந்துவிடுகிறோம். ஆனால் அந்த நீர் ஏதேனும் ஓர் ஓடையில் விழுகிறது. ஓடை ஆற்றையும், ஆறு கடலையும் அடைகிறது. வழியில் அது விளைக்கும் தீங்குகளைத் தடுப்பதற்கென்றே அமெரிக்க உள்ளாட்சிகள் பலவற்றில் ஓர் அலுவலர் இருக்கிறார். வடிநிலங்களைச் சீரமைப்பதற்கும் மழைநீரை முறைப்படுத்துவதற்கும் திட்டம் வகுப்பது அவர் பணி. அப்பணி எத்தகையது என்பதை, அந்நாட்டின் கிழக்குக் கரையிலுள்ள மேரிலாந்து மாநிலத்தைக் கொண்டு காண்போம்.

வடிநிலம் என்பது யாது?

எந்த நிலப்பரப்பில் விழும் மழை ஓர் ஓடையை வந்தடைகிறதோ, அப்பரப்பே அவ்வோடையின் வடிநிலம். அதன் எல்லையை வகுப்பவை மேடுகளேயன்றி, அரசாங்கம் நட்ட கற்கள் அல்ல. மேரிலாந்தின் பெரும்பகுதி செசபீக் விரிகுடாவின் வடிநிலத்தில் அடங்கும். ஏறத்தாழ 1,66,000 சதுர கி.மீ. பரப்புள்ள அந்த வடிநிலம் ஆறு மாநிலங்களில் பரவியுள்ளது.

ஒரு சிறு கணக்கு

ஒரு ஹெக்டேர் நிலத்தில் 25 மி.மீ. மழை பெய்தால், விழும் நீர் 2,50,000 லிட்டர். அந்நிலம் புல்வெளியாயின் நூற்றுக்கு 6 பங்கு, அதாவது 15,000 லிட்டர் அளவே வழிந்தோடும். எஞ்சியதை மண் உறிஞ்சிக்கொள்ளும். அதே நிலம் தார் போட்ட வண்டி நிறுத்துமிடமாயின் நூற்றுக்கு 95 பங்கு, அதாவது 2,37,500 லிட்டர் ஓடிவிடும். மழை ஒன்றே, ஓடைக்கு வரும் நீரோ ஏறக்குறைய 16 மடங்கு!

இந்நீர் சிறிது சிறிதாக வராமல் ஒரே மூச்சில் பாய்ந்து வருகிறது. கரைகளை அரிக்கிறது, தரையைத் தோண்டுகிறது. மண்ணுக்குள் நீர் இறங்காததால், மழையற்ற நாட்களில் ஊற்றுக் குறைந்து ஓடை வற்றுகிறது. சாலை எண்ணெய், தோட்ட உரம், அரித்த மண் யாவும் விரிகுடாவைச் சேர்கின்றன. உரத்திலுள்ள நைட்ரஜனையும் பாஸ்பரசையும் உண்டு பாசி பெருகுகிறது. அது மடிந்து அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் குறைகிறது. சிப்பிகளும் மீன்களும் மூச்சுத் திணறுகின்றன. வடிநிலத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கு கூரையும் சாலையுமாக மாறினாலே ஓடையின் நலிவு தென்படத் தொடங்கும் என்று ஆய்வாளர் கூறுவர்.

மேட்டிலிருந்து தொடங்கும் வேலை

திட்ட அலுவலர் முதலில் ஓடை நெடுக நடக்கிறார். அரித்த கரைகளையும், குழாய்கள் வந்து விழும் இடங்களையும் வரைபடத்தில் குறிக்கிறார். ஆனால் கரைக்குக் கல் அடுக்குவதோடு வேலை முடிவதில்லை. மேட்டிலிருந்து வரும் வெள்ளம் குறையாதவரை, அடுக்கிய கல்லையும் அது அடித்துச் சென்றுவிடக்கூடும். எனவே அவர் மேட்டை நோக்கிச் செல்கிறார். பள்ளிக்கூடத்துக் கூரை, கடைவீதியின் நிறுத்துமிடம், சாலையோர வெற்றிடம் ஆகியவற்றுள் எங்கே நீரைப் பிடித்து நிறுத்தலாம், அதற்கு என்ன செலவாகும் என்று கணக்கிட்டு வரிசைப்படுத்துகிறார்.

இதற்கு அவர் கையாளும் முறைகளுள் ஒன்று மழைத்தோட்டம். மேரிலாந்தின் பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுன்ட்டியில் 1990ஆம் ஆண்டையொட்டி உருவான முறை இது. (கவுன்ட்டி என்பது நம் மாவட்டம் போன்றதோர் ஆட்சிப் பிரிவு.) ஆழமில்லாத ஒரு பள்ளம், அதில் மணல் மிகுந்த மண், அதன்மேல் செடிகள். தெருநீர் இதில் தேங்கி, வடிகட்டப்பட்டு, மெல்லக் கீழிறங்கும். இரண்டு மூன்று நாட்களுக்குள் வற்றிவிடுமாறு அமைப்பதால் கொசுவும் பெருகாது.

இரண்டு வகை மழை

ஆயினும் மழைத்தோட்டம் எல்லா மழைக்கும் மருந்தாகாது. அடிக்கடி பெய்யும் 25 மி.மீ. அளவிலான மழையை மனத்திற்கொண்டே அது பெரும்பாலும் அமைக்கப்படுகிறது. பெருமழைக்கு வேறு வழி தேட வேண்டும். இதனை ஹோவர்டு கவுன்ட்டியிலுள்ள எலிகாட் நகரம் துயரத்தோடு உணர்ந்தது. 1772இல் தோன்றிய இவ்வூர், செங்குத்தான பள்ளத்தாக்கில், சிறு ஓடைகள் பட்டாப்ஸ்கோ ஆற்றில் கலக்குமிடத்தில் உள்ளது. சில கட்டடங்கள் ஓடைக்கு மேலேயே எழுப்பப்பட்டவை. 2016 ஜூலை 30 இரவு சில மணி நேரத்தில் சுமார் 150 மி.மீ. மழை கொட்டியது, கடைவீதியே ஆறாயிற்று, இருவர் மாண்டனர். ஊர் மீண்டெழுந்துகொண்டிருக்கையில், 2018 மே 27இல் மீண்டும் வெள்ளம். உதவச் சென்ற படைவீரர் ஒருவர் உயிரிழந்தார்.

பழமை வாய்ந்த கட்டடங்களைக் காப்பதா, வெள்ளத்துக்கு வழி விடுவதா? நீண்ட விவாதத்துக்குப்பின் 2019இல் ஒரு திட்டம் தேர்ந்தெடுக்கப்பட்டது. மேட்டில் நீர்த்தேக்கங்கள், வெள்ளத்தை ஆற்றுக்குக் கொண்டுசெல்லப் பாறையினூடே சுரங்கம், கட்டடங்கள் சிலவற்றை அகற்றுதல் என்பவை அதன் கூறுகள்.

பணம் யார் தருவது?

நாட்டின் தூயநீர்ச் சட்டத்தில் 1987இல் செய்த திருத்தம், நகரங்களின் மழைநீர்க் குழாய்களையும் உரிம முறைக்குள் கொண்டுவந்தது. ஆதலால் உள்ளாட்சி வாளாவிருக்க முடியாது. பணத்துக்காக மேரிலாந்து அரசு 2012இல், பெரிய கவுன்ட்டிகள் மழைநீர்க் கட்டணம் வசூலிக்க வேண்டும் எனச் சட்டமியற்றியது. நீர் புகாத பரப்புக்கு ஏற்பக் கட்டணம் என்பதே அதன் அடிப்படைக் கருத்து. எதிர்த்தவர்கள் அதற்கு ‘மழை வரி’ என்று பெயரிட்டனர். 2015இல் அக்கட்டாயம் நீக்கப்பட்டது. பணம் திரட்டும் வழியைக் கவுன்ட்டிகளே முடிவு செய்யலாம் என்றாயிற்று.

ஓர் உண்மை இதிலிருந்து புலனாகிறது. வடிநிலத்தின் பெரும்பகுதி தனியார் வீட்டுமனைகள். அலுவலர் ஆணையிட்டு அங்கெல்லாம் தோட்டம் தோண்ட முடியாது. தன் கூரையில் விழும் துளிக்கும், கீழே எங்கோ இடிந்து விழும் கரைக்கும் உள்ள தொடர்பை வீட்டுக்காரர் உணர வேண்டும். அதை அவருக்கு விளங்க வைப்பது, சுரங்கம் தோண்டுவதைவிட எளிதான வேலையன்று.