இரவில் எழுப்பும் இனிப்பு நீர்

ரந்தாவ் வட்டாரத்தில் பால்மரம் வெட்டியவர்களுக்குப் பின்னிரவில் விழிப்பது பழகிப்போன ஒன்று. விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது காலைப் பெயரழைப்புக்குப் போய் நிற்க வேண்டும். நான்கு மணிக்கே அடுப்பு எரியும். வேலையை விட்டுப் பல ஆண்டுகள் ஆனாலும் உடம்பு அதை விடுவதில்லை. சிக்கலே இங்குதான். ஒரு மணிக்கு, இரண்டரைக்கு, மறுபடி நான்குக்கு என்று ஒன்றுக்குப் போக எழுகிறவரைக் கேட்டால், "தோட்டத்துப் பழக்கம் தம்பி" என்கிறார். வீட்டாரும் வயசாச்சு என்று விட்டுவிடுகிறார்கள். லயத்தில் கழிப்பறை பின்னால் தள்ளி இருந்த காலத்தில் கதவுச் சத்தமே காட்டிக் கொடுத்துவிடும். இப்போது வீட்டுக்குள்ளேயே போய் வருவதால் யாருக்கும் தெரிவதில்லை. அந்த விழிப்புக்குப் பின்னால் இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, இருக்கலாம் என்று எவரும் நினைப்பதில்லை.

2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர்; இந்தியர்களிடையே 31.4. நோயுள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு அது இருப்பதே தெரியாது.

இரத்தத்தில் சீனி லிட்டருக்கு ஏறத்தாழ 10 மில்லிமோலைத் தாண்டினால் சிறுநீரகத்தால் அதை முழுவதும் தடுத்து வைக்க முடியாது. சீனி சிறுநீரில் இறங்கும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு இறங்கும். அதனால் ஒவ்வொரு முறையும் நிறையப் போகும், நாக்கு வறளும், குடித்த தண்ணீர் மறுபடி எழுப்பும். இதற்குப் பயந்து தண்ணீரைக் குறைக்கிறார்களே, அது உடம்பை இன்னும் வற்ற வைக்கும். சிறுநீரில் எறும்பு மொய்க்கவில்லை என்று நிம்மதியடைவதும் தவறு. வெறும் வயிற்றில் 7 இருந்தாலே இனிப்பு நீர் என்று சந்தேகிக்க வேண்டும். 10-ஐத் தாண்டி இரவில் எழுப்புவது அதற்குப் பிறகுதான்.

ஆண்களுக்குப் புரோஸ்டேட் வீக்கமும் இப்படி எழுப்பும். அதில் பெரும்பாலும் தடங்கலோடு, கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம்.

பாதங்களையும் கவனியுங்கள். பகலெல்லாம் சும்மா இருந்த கால், படுத்ததும் எரியும்; ஊசி குத்தும். போர்வை பட்டால்கூடத் தாங்காமல் காற்றாடிப் பக்கம் காலை நீட்டிப் படுக்கிறவர் வீட்டில் இருந்தால், தைலம் தேய்த்துவிடுவதோடு நிறுத்தாதீர்கள்; அதுவும் இனிப்பு நீரின் அடையாளமாக இருக்கலாம்.

ஏற்கெனவே மருந்து எடுப்பவருக்கு ஆபத்து வேறு பக்கமிருந்து வரும். இன்சுலின் போட்டுவிட்டு, அல்லது கிளிபென்கிளமைட் போன்ற மாத்திரையை விழுங்கிவிட்டு, இரவுச் சாப்பாட்டைத் தவிர்த்தால் தூக்கத்திலேயே சீனி இறங்கிவிடும். சட்டை வேர்வையில் நனையும், கெட்ட கனவு வரும், காலையில் தலை வலிக்கும். எழுப்பி, விரலில் குத்திப் பாருங்கள். 4-க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே 999-ஐ அழையுங்கள்.

மற்றவர்கள் ஒருநாள் காலையில் பசியாறாமல் அரசாங்கக் கிளினிக்குக்குப் போய் வாருங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான். சோதனைக்கு இரண்டு நாள் முன்பு மட்டும் டின்பால் தேநீரை நிறுத்திவிட்டுப் போகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். முந்தைய நாள்களில் வழக்கம்போலவே சாப்பிடுங்கள்; சோதனை நாள் காலையில் மட்டும் பசியாறாமல் போங்கள். இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள் என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

(தொடரும்)