ஆற்றுக்குப் போகும் விளக்கு

தெலுங்கு யுகாதி முடிந்த மறுநாள், சில ஆண்டுகளில் அதே நாளில், சிந்தி மக்களுக்குப் புத்தாண்டு. பெயர் சேட்டி சந்த்: சைத்ர மாதத்துப் பிறை. அவர்கள் வணங்கும் நீர்த் தெய்வமான ஜூலேலாலின் பிறந்தநாளும் இதுதான்.

அவர் பிறந்த கதை இது: சிந்துவின் தட்டா நகரை ஆண்ட மிர்க் ஷா, இந்துக்களை மதம் மாறச் சொல்லி நெருக்கினானாம். மக்கள் சிந்து நதிக்கரையில் 40 நாள் நோன்பிருக்க, நஸர்பூரில் ஒரு குழந்தை பிறக்கும் என்று குரல் கேட்டதாம். அந்த நோன்பு ‘சாலிஹோ’ என்ற பெயரில் இன்றும் தொடர்கிறது.

விழாவின் உயிர் ‘பஹராணா’. தட்டில் கோதுமை மாவு விளக்கு; கூடவே கற்கண்டு, ஏலக்காய், பழங்கள். பக்கத்தில் நீர் நிறைந்த கலசம், அதன்மேல் தேங்காய். நம் வீட்டுப் பூரண கும்பத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று சொல்லலாம்! ‘சேஜ்’ ஆட்டத்தோடு ஊர்வலமாக எடுத்துப் போய் நீரில் விடுவார்கள். 1947 பிரிவினையில் சிந்து மாகாணம் பாகிஸ்தானுக்குப் போனது. இந்தியா வந்தவர்களுக்கு ஆறு, ஏரி, கடல் என்று கிடைத்த நீரெல்லாம் சிந்துதான்.

படங்களில் வெண்தாடி ஜூலேலாலைச் சுமப்பது பல்லா மீன். வங்காளிகள் ஹில்சா என்று உருகுவார்களே, அதே மீன். கடலிலிருந்து ஆற்றோட்டத்தை எதிர்த்து ஏறி வரும்.

சிந்துவில் உடேரோலால் என்றொரு ஊர். அங்கே கோயிலும் தர்காவும் ஒரே வளாகத்தில். இந்துக்கள் உடேரோலால் என்றும், முஸ்லிம்கள் ஷேக் தாஹிர் என்றும் அழைப்பது ஜூலேலால் ஒருவரையே.