சிறியாநங்கை, நன்னாரி, ஈஸ்வரமூலி... பாம்புக்கடிக்கு மூலிகை வேலை செய்யுமா? ஆய்வகங்கள் சொல்வது என்ன?

பாம்பு கடித்தவருக்கு சிறியாநங்கை இலையைக் கொடுத்து மெல்லச் சொல்வார்கள். கசந்தால் விஷம் ஏறவில்லை; கசக்கவில்லை என்றால் ஏறிவிட்டது. சில ஊர்களில் இதுவே வேப்பிலை, சில ஊர்களில் மிளகு. இன்றைக்கும் பல கிராமங்களில் ஆம்புலன்ஸுக்கு போன் போவதற்கு முன்னால் இந்த 'டெஸ்ட்' நடக்கிறது.

நாக்கின் ருசியை வைத்து உடம்பில் விஷம் இருக்கிறதா என்று சொல்லவே முடியாது. அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் 'பாம்பு விஷத்தை ஒரு செடியால் தடுக்க முடியுமா?' என்ற கேள்வியை விஞ்ஞானிகள் ஒதுக்கித் தள்ளவில்லை. மைசூர், கொல்கத்தா, பிரேசில், நைஜீரியா என்று பல இடங்களில் ஆய்வு நடந்திருக்கிறது. என்ன கிடைத்தது என்று பார்ப்போம்.

முதலில், ஏன் இந்தத் தேடல்?

2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்கிறது 2020-ல் வெளியான ஆய்வு. ஆண்டுக்கு சராசரியாக 58 ஆயிரம் உயிர்கள். பெரும்பாலும் கிராமத்து மக்கள். தமிழ்நாடு அரசு 2024-ல் பாம்புக்கடியை, அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய பாதிப்பாக அறிவித்ததும் இந்தப் பின்னணியில்தான்.

நம்மிடம் இருக்கும் ஒரே நேரடி மருந்து விஷமுறிவு ஊசி. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் புரதங்களைப் பிரித்து எடுக்கிறார்கள். அதற்கான விஷத்தைப் பெருமளவு கொடுப்பவர்கள் மாமல்லபுரம் அருகே உள்ள இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவு சங்கத்தினர். பலரையும் காப்பாற்றிய மருந்து இது. ஆனாலும் இதற்குச் சில எல்லைகள் உண்டு.

ஊசி ரத்தத்தில் இருக்கும் விஷத்தைப் பிடிக்கும். கடித்த இடத்தில் சதை அழுகுவதை அந்த அளவுக்குத் தடுக்காது; உயிர் பிழைத்தும் விரலையோ காலையோ இழந்தவர்கள் இதனால்தான் இருக்கிறார்கள். சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை வரலாம். நான்கு பாம்புகளைத் தாண்டி, மலைப்பகுதிகளில் இருக்கும் குழிவிரியன் போன்றவற்றுக்கு இந்த ஊசி சரிப்படாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இதை மருத்துவமனையில் மட்டும்தான் போட முடியும். வயலில் கடிபட்டவர் அங்கே போய்ச் சேர்வதற்குள் விஷம் தன் வேலையைத் தொடங்கிவிடும். அந்த இடைவெளியில் கொடுக்க ஒரு துணை மருந்து கிடைக்குமா என்பதுதான் உண்மையான தேடல். ஊசிக்குப் பதிலாக அல்ல, ஊசியோடு சேர்த்து.

செடிக்கும் விஷத்துக்கும் என்ன சண்டை?

பாம்பு விஷம் என்பது ஒரே பொருள் இல்லை. பல புரதங்களும் நொதிகளும் சேர்ந்த கலவை. அதில் முக்கியமான ஒன்று பாஸ்போலிபேஸ் ஏ2. செல்களின் சுவரை உடைப்பது, தசையைச் சிதைப்பது இதன் வேலை. இன்னொன்று மெட்டலோபுரோட்டினேஸ். இது ரத்தக்குழாய்களை அரித்து ரத்தக்கசிவை உண்டாக்கும். துத்தநாகம் இல்லாமல் இதற்கு வேலை ஓடாது.

செடிகளில் இருக்கும் டானின் போன்ற பொருட்கள் (வாழைப்பூவில், பாக்கில் நாக்குக்குத் தெரியும் துவர்ப்பு அதுதான்) புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும் குணம் உள்ளவை. துத்தநாகத்தையும் இழுத்துப் பிடிக்கும். வேறு சில பொருட்கள் நொதி வேலை செய்யும் இடத்தில் போய் அடைத்துக்கொள்ளும். காகிதத்தில் பார்த்தால் நல்ல யோசனை.

நம்ம வீட்டுப் பக்கத்துச் செடிகளே பட்டியலில் இருக்கின்றன. கரிசலாங்கண்ணியில் உள்ள வெடிலோலாக்டோன், தென் அமெரிக்காவின் கிலுகிலுப்பைப் பாம்பு விஷம் தசையைச் சிதைப்பதைக் குறைக்கிறது என்று பிரேசில் ஆய்வாளர்கள் 1989-லேயே எழுதினார்கள். மைசூர் பல்கலைக்கழகத்தில் புளியங்கொட்டைச் சாற்றைக் கண்ணாடிவிரியன் விஷத்துக்கு எதிராகச் சோதித்தார்கள். நாம் சர்பத் போட்டுக் குடிக்கும் நன்னாரி வேரிலிருந்து பிரித்தெடுத்த ஒரு அமிலம், விரியன் விஷத்தின் பாதிப்பை எலிகளில் குறைத்ததாக கொல்கத்தா ஆய்வாளர்கள் 1990-களில் பதிவு செய்திருக்கிறார்கள்.

அப்போ ஏன் மருந்துக் கடையில் கிடைக்கவில்லை?

இங்கதான் சிக்கல். இத்தகைய பல சோதனைகளில் விஷத்தையும் செடிச் சாற்றையும் ஒரு குழாயில் முன்கூட்டியே கலந்து, சிறிது நேரம் வைத்துவிட்டு, அப்புறம்தான் எலிக்குச் செலுத்துகிறார்கள். டானின் உள்ள எந்தச் சாற்றைக் கலந்தாலும் விஷப் புரதம் குழாயிலேயே கட்டியாகி முடங்கிவிடும். நிஜத்தில் பாம்பு அப்படிக் கடிப்பதில்லையே! விஷம் முதலில் உள்ளே போகிறது, மருந்து தாமதமாக வருகிறது. விஷத்தை முதலில் ஏற்றிவிட்டுப் பிறகு சாற்றைக் கொடுக்கும் சோதனைகளில் பலன் பெரும்பாலும் குறைந்துவிடுகிறது. வாய்வழியாகக் கொடுத்தால் டானின் குடலைத் தாண்டி ரத்தத்தில் சேர்வதே குறைவு.

நைஜீரியாவில் பாம்புக்கடிக்குப் பயன்படுத்தும் பூனைக்காலி விதையின் கதை இன்னும் சுவாரஸ்யம். விதைச் சாற்றை முன்னதாகவே எலிகளுக்குக் கொடுத்தபோது, அவற்றின் உடலில் உருவான எதிர்ப்புப் புரதங்கள் சுருட்டை விரியன் இனத்தின் விஷப் புரதங்களையும் அடையாளம் கண்டன. அதாவது கிட்டத்தட்ட தடுப்பூசி மாதிரி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கடிபட்டு வந்தவருக்கு அதனால் என்ன பிரயோஜனம்?

மனிதர்களிடம் முறையாகச் சோதித்து, பாம்புக்கடிக்கு என அங்கீகாரம் பெற்ற மூலிகை மருந்து எதுவும் இந்தியாவில் இப்போது இல்லை.

ஈஸ்வரமூலி: கவனம் தேவை

கருடக்கொடி, பெருமருந்துக்கொடி என்றும் சொல்வார்கள். பாம்புக்கடிக்கு இதன் பெயரைத்தான் அதிகம் கேட்க முடியும். இதில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் பாஸ்போலிபேஸ் ஏ2-வைத் தடுக்கும் என்பதும் உண்மை. ஆனால் அதே அமிலம் சிறுநீரகத்தை நாசம் செய்யும். புற்றுநோயை உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை வைத்திருக்கிறது. 1990-களில் பெல்ஜியத்தில் உடல் எடை குறைக்கும் மாத்திரையில் இந்த வகைச் செடி கலந்ததால் பெண்கள் பலரின் சிறுநீரகம் செயலிழந்தது. கண்ணாடிவிரியன் கடி ஏற்கெனவே சிறுநீரகத்தைத்தான் தாக்கும். அதன் மேல் இதையும் கொடுத்தால்?

'எங்க ஊர் வைத்தியர் காப்பாற்றினாரே!'

இதைச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. நம் நாட்டில் இருக்கும் பாம்பு இனங்களில் பெரும்பாலானவை விஷமற்றவை. விஷப்பாம்பு கடித்தாலும் சில நேரம் விஷத்தை இறக்காமல் விட்டுவிடும். அப்படிக் கடிபட்டவர் எந்த இலையைத் தின்றாலும் பிழைப்பார், தின்னாவிட்டாலும் பிழைப்பார். பெயர் இலைக்குப் போய்விடுகிறது. பிழைக்காதவர்களின் கதையை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை.

ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே இருக்கும் 'செடி மருந்து'

பலருக்குத் தெரியாத விஷயம் இது. நல்லபாம்பு கடித்து இமை தொங்கி, மூச்சு திணறும் நோயாளிக்கு விஷமுறிவு ஊசியோடு அட்ரோபின், நியோஸ்டிக்மின் என்று இரண்டு ஊசிகள் போடுவார்கள். அட்ரோபின், பெல்லடோனா என்ற செடியிலிருந்து கிடைத்தது. நியோஸ்டிக்மின் ஆய்வகத்தில் உருவானது என்றாலும், அதற்கு மாதிரியாக இருந்தது மேற்கு ஆப்பிரிக்காவின் கலபார் அவரை விதையில் உள்ள நஞ்சு. நரம்பும் தசையும் பேசிக்கொள்ள உதவும் வேதிப்பொருளை அழியாமல் காப்பாற்றித் தருவது இதன் வேலை. கட்டுவிரியன் நரம்பு முனையையே சேதப்படுத்துவதால் அங்கே இது பெரிதாக உதவாது.

ஆக, செடியிலிருந்து வந்த மருந்து பாம்புக்கடி சிகிச்சையில் உண்டு. ஆனால் தனிப்பொருளாகப் பிரித்து, மில்லிகிராம் கணக்கில் அளந்து, எந்தப் பாம்புக்கு என்று தெரிந்து கொடுக்கிறார்கள். (அட்ரோபினின் நெருங்கிய சொந்தக்காரர்கள் ஊமத்தையிலும் இருக்கின்றன என்று யாராவது இலை பறிக்கக் கிளம்பிவிடாதீர்கள். ஊமத்தையே ஆளைக் கொல்லும்.)

மாத்திரை வருமா?

வரேஸ்பிளாடிப் என்ற மருந்து இப்போது பேசப்படுகிறது. செடி மருந்து இல்லை, செயற்கையானது. முதலில் வேறு நோய்களுக்காக உருவாக்கப்பட்டது. பாஸ்போலிபேஸ் ஏ2-வைத் தடுப்பதால் பாம்புக்கடிக்கு மாத்திரையாக இந்தியாவிலும் அமெரிக்காவிலும் சோதித்தார்கள். ஒட்டுமொத்தமாகப் பார்த்தபோது வழக்கமான சிகிச்சையை விடத் தெளிவான கூடுதல் பலன் தெரியவில்லை. சீக்கிரமாக மருந்து கிடைத்தவர்களிடம் மட்டும் நம்பிக்கை தரும் அறிகுறிகள் இருந்தன. செடிப் பொருட்கள் தாண்ட வேண்டிய பரீட்சையும் இதுதான்.

இப்போதைக்கு என்ன செய்வது?

கடிபட்டவரை நடக்கவிடாதீர்கள். கை, காலில் மோதிரம், கொலுசு, வாட்ச் இருந்தால் கழற்றுங்கள். வீங்கினால் பிறகு கழற்ற முடியாது. கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து 108-ஐ அழையுங்கள். இறுக்கிக் கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். இரவில் தரையில் படுத்தவருக்கு விடியற்காலையில் காரணமில்லாமல் வயிற்றுவலி, இமை சொருகல் என்றால் கடித்த தடம் தெரியாவிட்டாலும் கட்டுவிரியனைச் சந்தேகப்படுங்கள்.

வாயில் எதையும் புகட்டாதீர்கள். நரம்பைத் தாக்கும் விஷம் விழுங்கும் தசையையும் முடக்கும். அரைத்து ஊற்றும் இலைச்சாறு நுரையீரலுக்குள் போய்விடலாம். ஏற்கெனவே யாராவது கொடுத்துவிட்டார்கள் என்றால், என்ன இலை, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். திட்டுவார்களோ என்று பயந்து சொல்லாமல் விட்டால், வாந்தி எதனால் வருகிறது, விஷத்தாலா இலையாலா என்று அவர்களுக்குத் தெரியாது.