மூடுபனியில் சைக்கிள் பயணம்: விளக்கு முதல் செயின் வரை கவனிக்க வேண்டியவை

புதுதில்லி: தில்லி, பஞ்சாப், ஹரியானா, உத்தரப் பிரதேசம் உள்ளிட்ட வட மாநிலங்களில் டிசம்பர் பிற்பகுதி முதல் ஜனவரி வரை அடர்ந்த மூடுபனி சாலைகளை மறைப்பது வழக்கம். அதிகாலையில் மெல்லிய டயர் கொண்ட 'ரோடு பைக்' வகை சைக்கிள்களில் உடற்பயிற்சிக்குச் செல்வோருக்கு இது ஆபத்தான பருவமாகும். வேகத்துக்காக வடிவமைக்கப்பட்ட இந்த சைக்கிள்களில் பெரும்பாலும் விளக்கோ, மட்கார்டோ இருப்பதில்லை. எனவே, குளிர்காலத்துக்கு ஏற்ப அவற்றைத் தயார்படுத்துவது உயிர்ப் பாதுகாப்பு தொடர்பானது.

மூன்றே நொடிகள்

பார்வைத் தொலைவு 200 மீட்டருக்குக் கீழ் குறைந்தால் அடர்ந்த மூடுபனி என்றும், 50 மீட்டருக்குக் கீழ் குறைந்தால் மிக அடர்ந்த மூடுபனி என்றும் இந்திய வானிலை ஆய்வுத் துறை வகைப்படுத்துகிறது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும் கார் 50 மீட்டரை மூன்றே நொடிகளில் கடந்துவிடும். சைக்கிளைக் கண்டு பிரேக்கை அழுத்த, ஓட்டுநருக்குக் கிடைக்கும் அவகாசம் ஏறத்தாழ அவ்வளவுதான்.

எனவே பின்புறம் சிவப்பு விளக்கும், முன்புறம் வெள்ளை விளக்கும் அவசியம். பின்புறம் இரண்டு விளக்குகளைப் பொருத்தி, ஒன்றைத் தொடர்ந்து எரியவும் மற்றொன்றை விட்டுவிட்டு ஒளிரவும் செய்வது நல்லது. முன்விளக்கின் ஒளி பனித்துளிகளில் சிதறிக் கண்ணைக் கூசச் செய்யும் என்பதால், அதைச் சாலையை நோக்கித் தாழ்த்தி வைக்க வேண்டும். பெடலில் ஒட்டப்படும் பிரதிபலிப்பான்கள் மேலும் கீழும் அசைவதால் எளிதில் கவனத்தை ஈர்க்கும். குளிரில் லித்தியம் பேட்டரியின் திறன் குறைவதால், முந்தைய இரவே விளக்குகளை முழுமையாக சார்ஜ் செய்வது அவசியம்.

டயரும் பிரேக்கும்

வெப்பநிலை குறையும்போது டயரின் காற்றழுத்தமும் குறையும். 20 டிகிரி செல்சியஸில் 100 பி.எஸ்.ஐ. அழுத்தம் கொண்ட டயரில், 5 டிகிரியில் சுமார் 94 பி.எஸ்.ஐ. மட்டுமே இருக்கும். ஆகவே புறப்படும் முன் அழுத்தத்தைச் சரிபார்க்க வேண்டும். சைக்கிளின் சட்டத்தில் போதிய இடைவெளி இருந்தால், 23 மி.மீ. டயருக்குப் பதிலாக 25 அல்லது 28 மி.மீ. டயரைப் பொருத்தலாம். அகலமான டயரைச் சற்றுக் குறைந்த அழுத்தத்தில் பயன்படுத்த முடியும் என்பதால், பனியால் நனைந்த சாலையில் பிடிமானம் கூடும். எனினும், டயரின் பக்கவாட்டில் அச்சிடப்பட்டுள்ள குறைந்தபட்ச அளவுக்குக் கீழே செல்லக் கூடாது.

ரிம் ஈரமாக இருந்தால் பிரேக் பிடிக்கச் சற்றுத் தாமதமாகும். பிரேக் கட்டையில் சிக்கும் மணல் துகள்கள் ரிம்மையும் தேய்த்துவிடும். வாரம் ஒருமுறை கட்டைகளைத் துடைத்து, தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். ஈரச் சாலையில் மெதுவாகவும், முன்கூட்டியே பிரேக்கை அழுத்துவதும் வழுக்கலைத் தவிர்க்கும்.

செயின் பராமரிப்பு

பனி ஈரமும் புழுதியும் சேர்ந்து செயினை விரைவில் துருப்பிடிக்கச் செய்யும். ஈரமான சூழலுக்குரிய செயின் எண்ணெயை ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு துளி இட்டு, மிகுதியைத் துணியால் துடைத்துவிட வேண்டும். துடைக்காமல் விட்டால் அந்த எண்ணெயிலேயே புழுதி படிந்து செயினையும் பல்சக்கரங்களையும் தேய்க்கும்.

உடையும் உடல்நலமும்

5 டிகிரி குளிரில் மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் செல்பவரின் உடல், எதிர்க்காற்றால் பூஜ்ஜியம் டிகிரிக்கு நெருங்கிய குளிரை உணரும். விரல்கள் விறைத்தால் பிரேக்கை அழுத்துவதே கடினமாகும் என்பதால் கையுறை இன்றியமையாதது. தடித்த ஒற்றை உடையைவிட, கழற்றக்கூடிய பல மெல்லிய அடுக்குகளே ஏற்றவை.

மிக அடர்ந்த மூடுபனி நிலவும் நாட்களில் எந்த விளக்கும் முழுப் பாதுகாப்பு தராது. காற்றுத் தரக் குறியீடு 300-ஐத் தாண்டி 'மிக மோசம்' நிலையை எட்டும் நாட்களில், வேகமாக மூச்சு வாங்கும் பயிற்சி நுரையீரலுக்கும் தீங்கானது. இத்தகைய நாட்களில் வெளியே செல்வதைத் தவிர்த்து, வீட்டுக்குள்ளேயே பயிற்சி செய்வது பாதுகாப்பானது.