இணைய வியாபாரம்: கீரைப் பாத்தியா, தென்னந்தோப்பா?

நூல் விலை, கூலி உயர்வு, கையிருப்புத் தேக்கம் ஆகியவற்றைப் பற்றிப் பேசி வந்த நம் சங்கங்களின் பொதுக்குழுக் கூட்டங்களில் இப்பொழுது புதியதொரு கேள்வியும் எழுந்து வருகிறது. "இணையத்தின் வழியாக விற்றால் நல்ல விலை கிடைக்கும் என்கிறார்களே, நாமும் தொடங்கினால் எத்தனை நாளில் பணம் கைக்கு வரும்?" என்பதே அக்கேள்வி. கேட்பவர் பெரும்பாலும் இளைஞர். தயங்கி நிற்பவர் வயது முதிர்ந்த அங்கத்தினர். இருவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. இடைத்தரகர் இன்றி வாங்குபவரை நேரே அடையும் வழி ஒன்று இருக்கும்போது அதனை ஏன் விடவேண்டும் என்பது இளைஞரின் வாதம். வாரக் கூலியை நம்பி அடுப்பெரிக்கும் குடும்பம் எத்தனை வாரம் பொறுத்திருக்க முடியும் என்பது முதியவரின் கவலை.

முப்பதே நாளில் இலட்ச ரூபாய் என்று கைப்பேசியில் நாள்தோறும் வரும் விளம்பரங்கள் இக்கேள்விக்கு விடையாகா. "ஐயா, எத்தனை நாளில் பலன் கிடைக்கும்?" என்று ஒரு விவசாயியைக் கேட்டால், அவர் முதலில் "என்ன பயிர்?" என்றுதான் திருப்பிக் கேட்பார். கீரை விதைத்தவர் இருபத்தைந்து, முப்பது நாளில் பறிப்பார். வாழை வைத்தவர் ஏறக்குறைய ஓராண்டு காத்திருப்பார். நெட்டைத் தென்னை நட்டவரோ ஆறேழு ஆண்டு தண்ணீர் ஊற்றுவார். இணைய வியாபாரத்திலும் இம்மூன்று பயிரும் உண்டு. எதனை விதைக்கிறோம் என்று அறிந்துகொண்டால், எப்பொழுது அறுப்போம் என்பது தானே விளங்கும்.

அறிந்தவர்க்கு விற்பது

முதலாவது, அறிமுகமானவர்களுக்கு விற்பது. சங்கத்தின் புடவைகளைப் படம் பிடித்து, உறவினர், நண்பர், வெளியூரில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் ஆகியோருக்கு வாட்ஸ்அப் வழியாக அனுப்பினால், இரண்டொரு வாரத்திலேயே சில புடவைகள் விற்றுவிடக்கூடும். பணமும் உடனே வங்கிக் கணக்கில் சேரும். இது கீரைப் பாத்தி. விரைவில் பலன் தரும்; ஆனால் பாத்தி சிறியது. நம்மை அறிந்த ஒருவர் ஆண்டுக்கு ஒன்றிரண்டு புடவைதான் வாங்குவார். முதல் மாதத்தில் பத்துப் புடவை விற்றதைக் கண்டு, மாதந்தோறும் பத்துப் பத்தாகக் கூடும் என்று எண்ணிக் கடன் வாங்கிச் சரக்கு சேர்ப்பதுதான் பலர் செய்யும் முதல் தவறு. நட்புக்காக வாங்கியவர்கள் முடிந்தபின் உண்மையான வியாபாரம் தொடங்குகிறது.

அறியாதவர்க்கு விற்பது

இரண்டாவது, நம்மை இன்னார் என்றே அறியாத ஒருவருக்கு விற்பது. அமேசான், பிளிப்கார்ட் முதலிய விற்பனைத் தளங்கள் இதற்கு உதவுகின்றன. கைத்தறி, கைவினைப் பொருள்களுக்கென மத்திய ஜவுளி அமைச்சகம் 'இந்தியா ஹேண்ட்மேட்' என்னும் தளத்தை அமைத்திருக்கிறது. 1935-ஆம் ஆண்டு தோன்றிய நம் கோ-ஆப்டெக்ஸ் நிறுவனமும் இணைய விற்பனை நடத்தி வருகிறது.

இத்தளங்களில் சேருவதற்கே சில வாரங்கள் செல்லும். வங்கிக் கணக்கும் வரிப் பதிவும் ஒழுங்காக இருத்தல் வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல், சரக்கு சேவை வரிப் பதிவுக்கான வரம்புக்கு உட்பட்ட சிறு விற்பனையாளர், அப்பதிவு இன்றியே தம் மாநிலத்திற்குள் இத்தளங்களின் வழியாக விற்க இடமளிக்கப்பட்டிருக்கிறது. எனினும் அதற்கென ஒரு சேர்க்கை எண்ணைப் பெறவேண்டும். மஞ்சள் தூள், நாட்டுச் சர்க்கரை, செக்கு எண்ணெய் போன்ற உணவுப் பொருள்களை விற்க விரும்பும் விவசாய அன்பர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவோ உரிமமோ பெற்றாகவேண்டும்.

அதன்பின் படம் பிடிக்கும் வேலை வருகிறது. கடைக்கு வருபவர் துணியைத் தொட்டுப் பார்க்கிறார். வெயிலில் பிடித்து நிறம் பார்க்கிறார். முந்தியை விரித்துப் பார்க்கிறார். இணையத்தில் வாங்குபவருக்குப் படம் ஒன்றே சாட்சி. அரக்கு நிறப் புடவை படத்தில் சிவப்பாகத் தோன்றினால், அது திரும்பி வந்துவிடும். ஆகவே, முதல் சில மாதங்கள் விற்பதற்காகக் கழிவதைவிட, திரும்பி வராமல் விற்பது எப்படி என்று கற்பதற்காகவே பெரிதும் கழிகின்றன.

ஒரு சிறு கணக்கு

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கிட்டுப் பார்ப்போம். வரியை விலக்கி, புரிவதற்காக நாமே வைத்துக்கொண்ட எண்கள் இவை. ஒவ்வொரு சங்கமும் தன் எண்களை இட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு பருத்திப் புடவையின் விற்பனை விலை 1,500 ரூபாய். நூல், சாயம், கூலி எல்லாம் சேர்ந்து அடக்கம் 1,000 ரூபாய். தளத்திற்குரிய கழிவு 200 ரூபாய். உறையிட்டு அனுப்பும் செலவு 100 ரூபாய். மிஞ்சுவது 200 ரூபாய். பத்துப் புடவைக்கு ஆணை வந்து, அவற்றுள் ஒன்று திரும்பி வருவதாகக் கொள்வோம். விற்ற ஒன்பதில் மிச்சம் 1,800 ரூபாய். திரும்பிய ஒன்றுக்குப் போகச் செலவு 100, வரச் செலவு 120, மீண்டும் மடித்து இஸ்திரி போட்டு உறையிட 30, ஆக 250 ரூபாய் நஷ்டம். எஞ்சுவது 1,550 ரூபாய். அதாவது, ஆணை ஒன்றுக்கு 155 ரூபாய்.

நல்ல கைப்பேசி, விளக்கு, படத்திற்கான திரை, உறைகள், பயிற்சி ஆகியவற்றுக்குத் தொடக்கத்தில் 18,600 ரூபாய் செலவிட்டோமாயின், அதனை மீட்க 120 ஆணைகள் வரவேண்டும். முதல் மாதம் 2, அடுத்து 3, 4, 5, 6, 8, 10, 12, 15, 17, 18, 20 என்று மாதந்தோறும் தளராமல் ஏறினால், பன்னிரண்டாம் மாத இறுதியில்தான் 120 ஆகிறது. பதின்மூன்றாம் மாதத்தில் கிடைப்பதே முதல் வருவாய் எனத்தக்கது. இதில் விளம்பரச் செலவையோ, விசாரிப்பவர்களுக்கு நாள்தோறும் பதில் எழுதும் ஊழியரின் சம்பளத்தையோ நாம் சேர்க்கவில்லை. அவற்றையும் சேர்த்தால் காலம் இன்னும் நீளும்.

முதல் விற்பனை வேறு. முதல் வருவாய் வேறு. முதல் விற்பனை ஒரு வாரத்திலும் நேரலாம். முதல் வருவாய்க்கு ஓராண்டு என்று திட்டமிடுவதே விவேகம். இது வாழைத் தோட்டம்.

பருவத்தையும் மறத்தல் ஆகாது. ஜவுளி விற்பனை ஆடியிலும், தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலும், பொங்கலிலும் குவிகிறது. தீபாவளி கழிந்தபின் தொடங்குபவர் சோர்ந்து போவார். சித்திரை, வைகாசியில் தொடங்குபவர், பண்டிகைக் காலம் வருமுன் தம் தவறுகளைத் திருத்திக்கொள்வார். மஞ்சள் பயிரிடுபவருக்கோ விளைச்சல் ஆண்டுக்கு ஒரு முறைதான். இந்தப் பருவத்தில் கற்ற பாடத்தை அடுத்த அறுவடையில்தான் பயன்படுத்த இயலும்.

பெயர் எடுத்து விற்பது

மூன்றாவது, நமக்கென ஓர் இணையதளம் அமைத்து, கூகிளில் தேடுபவர் நம்மைக் கண்டடையச் செய்வது. அல்லது, நெசவையும் வேளாண்மையையும் பற்றிப் படம் எடுத்து யூடியூபில் வெளியிட்டு விளம்பரப் பங்கு பெறுவது. இது தென்னந்தோப்பு.

இத்தகைய தேடல் பணி பலன் காட்டப் பெரும்பாலும் நான்கு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும் என்று கூகிள் நிறுவனத்தாரே 2017-இல் வெளியிட்ட விளக்கத்தில் கூறினர். அதே ஆண்டில் ஏரெஃப்ஸ் என்னும் நிறுவனம் 20 இலட்சம் இணையப் பக்கங்களை ஆராய்ந்தது. வெளியான ஓராண்டிற்குள் ஏதேனும் ஒரு சொல்லுக்காவது தேடல் வரிசையின் முதல் பத்து இடங்களுக்குள் வந்தவை 100-க்கு 6-க்கும் குறைவே என்று அது கண்டது.

யூடியூபில் விளம்பர வருவாயில் பங்கு பெற, 1,000 சந்தாதாரர்களும், முந்தைய 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் என்னும் விதி 2018-இல் ஏற்பட்டது. 4,000 மணி நேரம் என்பது 2,40,000 நிமிடம். பார்ப்பவர் ஒவ்வொருவரும் மூன்று நிமிடம் நின்று பார்த்தால், 80,000 முறை பார்க்கப்பட வேண்டும். அந்த எல்லையைக் கடந்தபின்னும், கணக்கில் 100 டாலர் சேர்ந்தாலன்றிப் பணம் அனுப்பப்படுவதில்லை. ஆகவே இதனை உடனடி வருவாய்க்கு நம்புவது தவறு. ஆனால் சங்கத்தின் பெயர் பரவுவதற்கு இது நல்ல கருவி என்பதில் ஐயமில்லை.

பெரியவர்கள் காத்திருந்த காலம்

இவ்வியாபாரத்தில் உலகிலேயே பெரியவராகக் கருதப்படும் அமேசான் நிறுவனம் 1994-இல் தொடங்கப்பெற்று, 1995 ஜூலையில் புத்தக விற்பனையைத் திறந்தது. அது முதன்முதலாக இலாபம் காட்டியது 2001-ஆம் ஆண்டின் கடைசி மூன்று மாதங்களில். அந்த இலாபமும் 50 இலட்சம் டாலர் அளவினதே. ஓராண்டு முழுவதற்கும் இலாபம் கண்டது 2003-இல். அதுவரை அந்நிறுவனத்தின் நஷ்டத்தைத் தாங்குவதற்கு முதலீட்டாளர்களின் பெரும்பணம் இருந்தது. நம் நெசவாளிக்கு அத்தகைய பணம் ஏது? அவருக்கு இருப்பது தறியும் இரு கைகளுமே.

காத்திருப்பவர் யார்?

எத்தனை நாள் என்னும் கேள்வியைவிட, அத்தனை நாளும் காத்திருப்பவர் யார் என்னும் கேள்வியே நம்மைப் பொறுத்தவரை முக்கியமானது. தனி நெசவாளி ஒருவர் தம் பணத்தில் நூல் வாங்கிப் பாவு ஓட்டி நெய்து, படம் எடுத்து, ஆணைக்குக் காத்திருந்து, பொருள் போய்ச் சேர்ந்து, தளத்தார் பணம் அனுப்பும் கெடு வரும்வரை பொறுத்திருந்தால், ஒரு புடவையின் பணம் திரும்ப ஒரு மாதத்திற்கு மேலும் ஆகலாம். அந்த இடைவெளியில் அரிசிக்கும் மருந்துக்கும் அவர் கடன் வாங்குவார். எந்தத் தரகரிடமிருந்து விடுபட இணையத்தை நாடினாரோ, அதே தரகரின் வாசலுக்கே மீண்டும் செல்வார். இணையம் அவரை ஏமாற்றவில்லை, காலம் ஏமாற்றிவிட்டது.

இக்காத்திருப்பைத் தாங்குவதற்கென்றே கூட்டுறவு பிறந்தது. இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்தில் நெசவாளரும் வேறு தொழிலாளருமாக 28 பேர், வாரந்தோறும் சில பென்னிகளாகச் சேர்த்த 28 பவுன் முதலைக் கொண்டு, 1844 டிசம்பர் 21-ஆம் நாள் ஒரு கடை திறந்தனர். மாவு, வெண்ணெய், சர்க்கரை முதலிய சில பண்டங்களே அங்கு இருந்தன. அடுத்த ஆண்டு முடிவில் அங்கத்தினர் 74 பேர். முதல் 181 பவுன். விரைந்து பணம் சேர்ப்பதற்கு அவர்கள் முயலவில்லை. சிறுகச் சேர்த்து, சரியான எடையில், கலப்படமின்றி விற்று, நம்பிக்கையை வளர்த்தனர்.

நம் சங்கங்களும் அவ்வாறே செய்யலாம். துணி சங்கத்திற்கு வந்த அன்றே நெசவாளிக்குக் கூலி கொடுக்கப்பட வேண்டும். அது இணையத்தில் விற்கும்வரை காத்திருக்கலாகாது. காத்திருக்கும் சுமை சங்கத்தின் நிதியைச் சேர்ந்தது. அந்நிதியும் வரம்பற்றதன்று, ஆதலால் முதலாண்டில் மொத்த உற்பத்தியில் ஒரு சிறு பங்கை மட்டுமே இவ்வழியில் விடுவது நலம். படம் பிடிப்பதற்கும் பதில் எழுதுவதற்கும் அங்கத்தினர் குடும்பங்களிலுள்ள படித்த இளைஞர் ஒருவரை அமர்த்தலாம். ஆணை வந்த நாள், பொருள் சேர்ந்த நாள், திரும்பியதாயின் அதன் காரணம், பணம் வந்த நாள், வாங்கியவர் முன்பு வாங்கியவரா என்ற ஐந்தையும் தனியொரு பதிவேட்டில் எழுதி வரவேண்டும். ஆறு மாதம் கழித்து அந்தப் பதிவேட்டை நிர்வாகக் குழு எடுத்துப் பார்க்கட்டும். திரும்பி வருவது குறைந்து, மறுமுறை வாங்குபவர் கூடியிருந்தால், பயிர் வேர் பிடித்துவிட்டது என்று கொள்ளலாம். இரண்டும் இல்லையாயின், மேலும் பணம் இறைப்பதை நிறுத்தி, ரகத்தையோ விலையையோ மாற்றவேண்டும்.

ஓர் எச்சரிக்கை

இணையத்தில் பொருளீட்டக் கற்றுத் தருவதாகக் கூறி முன்பணம் கேட்பவர்களிடம் மிகுந்த விழிப்பு தேவை. பொருள் எதனையும் விற்காமல், ஆள் சேர்த்தால் பணம் என்பவர்களின் திட்டம் 1978-ஆம் ஆண்டின் பணச் சுழற்சித் தடைச் சட்டத்தின்படி குற்றமாகும். ஏமாந்தவர் வெட்கப்பட்டு மறைக்காமல் 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணில் உடனே தெரிவித்தல் வேண்டும். எவ்வளவு விரைவில் தெரிவிக்கிறோமோ, பணம் தடுக்கப்படுவதற்கு அவ்வளவு வாய்ப்பு உண்டு.

பதறாத காரியம் சிதறாது என்பது நம் முன்னோர் வாக்கு. கீரையும் விதைப்போம், வாழையும் வைப்போம், வரப்போரத்தில் தென்னம்பிள்ளை ஒன்றும் நடுவோம். கீரை விற்ற காசில் வாழைக்கு நீர் பாயட்டும். ஆனால் தென்னை காய்க்கும் நாளை நம்பி இன்றைய உலையை ஏற்ற வேண்டாம். கூலி வாரந்தோறும் தவறாமல் வீடு சேரும்படி சங்கம் பார்த்துக்கொண்டால், அங்கத்தினர் அமைதியாகக் காத்திருப்பர். அவ்வாறு காத்திருக்க முடிந்த சங்கத்திற்கே இணைய வியாபாரம் பலன் தரும்.